எங்கீங்க போடோணும்?

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது ஏற்கனவே போதுமான காகிதங்களில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் எங்களுக்கு வகுப்பு நடக்கும். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. பொது நிர்வாகம். முதல் வருடத்தின் முதல் பாடத்துக்குப் பெயரே ‘பொது நிர்வாகம்: ஓர் அறிமுகம்’. முப்பது பேர் இருந்தோம். பஸ் கண்டக்டர் ஒருவர், மருந்துக்கடையில் நிற்பவர் ஒருவர், போலீஸ் தேர்வில் ஓட்டத்தில் தேறி உயரத்தில் தவறிய இரண்டு பேர், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த பெண்கள். எல்லாருக்கும் அரசு வேலைமேல் கண். நான் ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஒரு முட்டை வியாபாரியின் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். ‘கோர்ஸ் முடியட்டும்’ என்று சொல்ல எனக்கு ஒரு கோர்ஸ் தேவைப்பட்டது.

முதல் நாள் வருகைப் பதிவேடு பெஞ்சு பெஞ்சாக வந்தது. என் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார்.

“எங்கீங்க போடோணும்?”

காட்டினேன். சரசரவென்று போட்டார். அப்புறம்தான் கவனித்தேன், நான் காட்டியது மருந்துக்கடைக்காரரின் கட்டத்தை.

“ஐயோ அக்கா, உங்க பேரு அதுக்குக் கீழ இருக்குதுங்க.”

“அப்படீங்களா? அங்கியும் ஒண்ணு போட்டுர்றனுங்க” என்று சிரித்துக்கொண்டே அங்கேயும் போட்டார்.

படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவர். வகுப்பில் சார் யாரையாவது எழுந்து வாசிக்கச் சொன்னால் எல்லாரும் அக்காவைத்தான் கைகாட்டுவோம். ‘படிநிலை அமைப்பு’, ‘கட்டளை ஒருமை’, ‘கட்டுப்பாட்டு வீச்சு’ என்று நாங்கள் பல்லை உடைத்துக்கொண்ட சொற்களை அவர் தண்ணீர் குடிப்பதுபோல வாசித்துவிட்டுப் போவார். ஆனால் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்ட எந்தக் காகிதமும் அவர் கண்ணுக்கு வெள்ளைக் காகிதம்தான். அவர் தேடுவது கோடு ஒன்றை மட்டும்.

இந்தப் பழக்கம் வகுப்புக்குத் தெரிய நாளாகவில்லை. மூன்றாவது வாரம் பின்பெஞ்சில் இருந்த போலீஸ் தேர்வு ஆட்கள் இரண்டு பேர் ஒரு தாளில், ‘வரும் ஞாயிறு இவ்வகுப்பு மாணவர் அனைவருக்கும் பிரியாணி போடுவேன் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்’ என்று எழுதி, கீழே கோடு போட்டு அக்காவிடம் நீட்டினார்கள். அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டார், போட்டார். அதைக் கண்டக்டர் எழுந்து நின்று சத்தமாக வாசித்தபோது வகுப்பே உருண்டது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதோடு நாங்கள் மறந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு மதியம் ஒரு காரின் பின்பக்கத்திலிருந்து பெரிய குண்டா ஒன்றை டிரைவர் இறக்கினார். மூடியைத் திறந்ததும் வராண்டா முழுக்கப் பட்டை, கிராம்பு வாசம். முப்பது பேருக்கும் சாருக்கும் வாட்ச்மேனுக்கும் அக்கா தன் கையால் பரிமாறினார். எழுதிக் கொடுத்த இரண்டு பேருக்கும் தலை நிமிரவில்லை.

“அக்கா, அது விளையாட்டுக்குங்க” என்றான் ஒருவன்.

“தெரியுமுங்க. ஆனாக் கையெழுத்துப் போட்டுப்போட்டேன் இல்லீங்க?”

எல்லாரும் மறுபடி சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் விளையாட்டாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை.

அவரைக் காலையில் கொண்டுவந்து விடுவதும் மாலையில் கூட்டிப்போவதும் கணவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். ஊர் ஊராகப் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் எதிர்ப்பக்க டீக்கடையில் காரை நிழலில் விட்டுவிட்டு போன் பேசிக்கொண்டிருப்பார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கார் தெரியும். அக்கா எப்போதும் ஜன்னல் பக்கம்தான் உட்காருவார். முதலில் வெளிச்சத்துக்காக என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் கார் அங்கே இல்லை. டீசல் போடப் போயிருக்கிறது. அது திரும்பி வரும்வரை அக்கா ஒரு வரி எழுதவில்லை.

கணவர் மரியாதையான மனிதர். என்னைக்கூட “நல்லா இருக்கீங்களா கண்ணு?” என்றுதான் கேட்பார். அக்காவை அவர் ஒருநாளும் அடித்ததில்லை, குரல் உயர்த்திப் பேசியதில்லை என்று அக்காவே சொன்னார். “அடிச்சிருந்தா நாலு பேருகிட்டச் சொல்லலாம். இதைய என்னன்னு சொல்றது?” என்றும் சொன்னார்.

அக்கா யார் என்பது ஐந்தாவது வாரம் தெரிந்தது. எங்கள் சார் கௌரவ விரிவுரையாளர். எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். அன்றைக்குக் கரும்பலகையில் ஒரு கூம்பு வரைந்தார். உச்சியில் அரசு, அப்புறம் மாவட்டம், ஒன்றியம், அடியில் கிராம ஊராட்சி.

“கடைசியில இருக்கிற ஊராட்சித் தலைவர்தான் மக்களுக்கு முதல்ல தெரியற அரசாங்கம். இங்க யாராவது ஒரு தலைவர்கிட்ட நேரா பேசியிருக்கீங்களா?”

கண்டக்டர் மெதுவாகச் சொன்னார், “சார், நம்ம அக்காவே தலைவர்தானுங்க. எங்க ரூட்லதான் அவங்க ஊரு.”

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“மேடம், இத்தனை நாளா சொல்லவே இல்லையே! நீங்கதான் எங்களுக்குப் பாடம் எடுக்கணும். ஒரு காகிதம் உங்க மேசைக்கு வந்தா என்ன நடக்கும், சொல்லுங்க.”

அக்கா எழுந்து நின்றார்.

“நாங் கையெழுத்துப் போடுவனுங்க.”

“அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னால எங்கூட்டுக்காரரு எல்லாம் பாத்துருவாருங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நடத்த வேண்டிய பாடத்தை அன்றைக்கே நடத்தினார்.

“அதிகாரத்த இன்னொருத்தருக்குப் பிரிச்சுக் குடுக்கலாம். எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் வேலை நடக்குது. ஆனா பொறுப்பப் பிரிச்சுக் குடுக்க முடியாது. அது கையெழுத்துப் போட்டவங்ககிட்டயேதான் இருக்கும்.”

அக்கா இன்னும் உட்காரவில்லை. “படிக்காமப் போட்டாலுமுங்களா சார்?”

“படிக்காமப் போட்டாலும்தான் மேடம்.”

அவர் உட்கார்ந்து அந்த ஒரு வரியை நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு வேறெதுவும் எழுதவில்லை.

தலைவரான கதையை ஒருநாள் டிபன் பாக்ஸைப் பிரித்தபடி அவரே சொன்னார். அவர்கள் ஊர்ப் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் கணவர் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒன்றிய ஆபீசுக்குப் போயிருக்கிறார். “மனுத்தாக்கல் பண்ணப் போறோம்னு பாதி வழியிலதாஞ் சாமி எனக்குத் தெரியும். ரேசன் கார்டுல பேரு மாத்தப் போறோம்னு நெனச்சுக்கிட்டு அதுக்குண்டான பேப்பரெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன்.” படிப்பும் அப்படித்தான். அடுத்து ஒன்றியக் கவுன்சிலருக்கு நிறுத்தலாம், ஃப்ளெக்ஸில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்று கணவர் சேர்த்துவிட்டிருந்தார். “இதுல ஒண்ணு மட்டும் அவியளுக்குத் தெரியல. இங்க வந்தா எனக்கு நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கே பயந்ததுபோல ஜன்னலைப் பார்த்தார்.

நடுவில் இரண்டு வாரம் வரவில்லை. மகள் ஹாஸ்டல் பள்ளியில் காய்ச்சலில் கிடந்தாள் என்று பிறகு தெரிந்தது. நான் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவர் ஊருக்குப் போனேன். மெயின்ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கும்போதே புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலை ஒன்று ஊருக்கு மேற்கே இருந்தது. அதன் கழிவுத் தண்ணீர் ஓடையில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த என்னைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், “நாலு நாளிருந்தாப் பழகிப்போகும் சாமி” என்றார்.

ஊராட்சி ஆபீஸ் வழியில்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவரில் பலகையில் அக்காவின் பெயர். அதற்கு நேர் கீழே, துண்டு போட்ட சுழல் நாற்காலியில் கணவர். எதிரில் நாலைந்து பேர். “தலைவரே, தலைவரே” என்று அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஊராட்சிச் செயலர், ஒல்லியாக, கம்ப்யூட்டர் முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் போடும் கையெழுத்துக்கான சின்னக் கருவிகூடக் கணவரின் கார் சாவிக் கொத்தில்தான் தொங்கியது. அக்கா எங்கே என்று தேடினால், தட்டில் டீ எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். வீடு ஆபீசுக்குப் பின்னால்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வந்தவர்களுக்கு டீ கொடுத்து முடித்ததும் கணவர் ஒரு காகிதத்தை மேசையில் நகர்த்தினார். அக்கா தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போட்டார். கணவரின் விரல் ஏற்கனவே அந்த இடத்தில் இருந்ததால் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சமையலறையில் எனக்குப் பணியாரம் சுட்டுப்போட்டார். பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“ஏனுங்க அக்கா, படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டா என்னங்க? ரெண்டு நிமிசம் ஆகுமா?”

கரண்டியால் பணியாரத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். “படிச்சாக் கேள்வி வரும் சாமி. கேள்வி வந்தாக் கேக்கோணும். கேட்டா அவிய ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. பேசாம இருப்பாங்க. போன தடவ பதினேழு நாளு. ஊட்டுல நாங்க ரெண்டே பேரு. சுவத்துகிட்ட எத்தன நாளு பேசறது?”

அடுத்த பணியாரத்தை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அந்த வருடம் மழை சரியாக இல்லை. ஆலையின் கழிவு ஓடையைத் தாண்டிக் கிணறுகளில் இறங்கியது. ஊர்க்காரர்கள் மாவட்ட ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். விசாரித்ததில், ஆலை இரண்டாவது யூனிட் போடவும் தண்ணீரை ஓடையில் விடவும் ஊராட்சிக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு சான்று இருந்தது தெரிந்தது. கூட்டத்தில் வைக்கவில்லை, தீர்மானம் இல்லை. தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தது.

அந்த வாரம் வகுப்புக்கு வந்த அக்காவின் உதடு வெளுத்திருந்தது. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

புதன்கிழமை காலையில் பத்துப் பெண்கள் குடத்தோடு வந்திருக்கிறார்கள். கணவர் ஊரில் இல்லை. எல்லாருக்கும் முன்னால் நின்றவள் கீழ்த்தெருக்காரி ஒருத்தி, அக்காவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டியிருக்கிறாள்.

“நீதான கையெழுத்துப் போட்டே? குடி.”

“என்ன தண்ணிடி இது?”

“எங்கூட்டுக் கெணத்துத் தண்ணி. நேத்து இதையக் குடிச்சுத்தான் என்ற மகன் ஆசுபத்திரில கெடக்கறான். நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தியே, குடி.”

“குடிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“கையெழுத்து என்னுதாச்சே சாமி.”

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? பிரியாணி குண்டா நினைவுக்கு வந்தது. சார் அன்றைக்கு எதையோ நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

விளக்கம் கேட்டு மாவட்ட ஆபீசிலிருந்து அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. பதில் திருப்தியாக இல்லையென்றால் பதவி நீக்க நடவடிக்கை என்று அதில் இருந்தது. பதில் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு அக்கா வகுப்புக்கு வந்தார். பையில் ஒரு நீளக் கவர். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு அதை வெளியே எடுத்தார்.

“பதிலு. வக்கீலு வெச்சு எழுதுனது. கார்ல வாரப்பக் குடுத்தாங்க, பொழுதுக்குள்ள போட்டு வெய்யின்னு. நாளைக்கு அவியளே கொண்டுபோய்க் குடுக்கறாங்களாம்.”

பேனாவையும் எடுத்துவிட்டார். மூடியைக் கழற்றியாகிவிட்டது. எங்கே என்று என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. முதல் பக்கத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். உதடு அசைய அசைய, எங்களுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டுவதுபோல, ஆனால் சத்தமில்லாமல் படித்தார். இரண்டு பக்கம். படித்து முடித்து மடியில் வைத்தார்.

“செயலரு ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டாருன்னு எழுதியிருக்குது.”

“வாங்குனாருங்களா?”

“அவரு அன்னைக்கு லீவு சாமி. அவரோட அம்மாளுக்குக் கண்ணு ஆபரேசன். இந்தச் சான்ற அவரு கண்ணுலகூடப் பாத்திருக்க மாட்டாரு.” மடியிலிருந்த தாளைத் தொட்டார். “இதையப் போட்டா அவரு வேல போயிரும். போடலைன்னா...”

ஜன்னலுக்கு வெளியே கார் நின்றது. அதன் கதவைத் திறந்துவைத்துக் காலை வெளியே நீட்டிக்கொண்டு கணவர் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய வகுப்பறையில் காற்றே இல்லாததுபோல எனக்கு மூச்சு முட்டியது. அக்கா எத்தனை வருடமாக இப்படி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாரோ.

“ஒரு வெள்ளப் பேப்பர் குடு சாமி.”

நோட்டின் நடுவிலிருந்து இரட்டைத் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். பெறுநர், அனுப்புநர் எல்லாம் சார் சொல்லிக்கொடுத்த முறைப்படி எழுதினார். பிறகு மூன்று வரி. ‘சான்றில் உள்ள கையெழுத்து என்னுடையது. அதை நான் படிக்காமல் போட்டேன். ஊராட்சிச் செயலருக்கு இதில் சம்பந்தம் இல்லை.’

பேனா அப்படியே நின்றது.

“அக்கா, யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னும் எழுதுங்க. அதுதான உண்மை?”

“அதைய எழுதிப்போட்டு, பொழுதோட எந்தக் கார்ல சாமி ஏறுவேன்?”

வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று வாய்வரை வந்தது. ஒற்றைப் படுக்கையறை, அப்பா, அம்மா, தம்பி, பெண் பார்க்க வருகிறவர்கள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்து அதையும் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வரிக்குப் போகாமல் கீழே கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

“நாளைக்கு வெடிய நீ கொண்டுபோய்க் குடுத்துருவியா? அவிய போறதுக்கு முன்னால?”

திங்கட்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம். உடம்பு சரியில்லை, தாமதமாக வருவேன் என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு, தபால் வாங்கும் ஜன்னலில் முதல் ஆளாக நின்றேன். உள்ளே இருந்தவர் தாளைப் புரட்டி, “இவ்வளவுதானா? இணைப்பு எதுவும் இல்லையா?” என்றார். இல்லை என்றேன். நான் எடுத்துப்போயிருந்த ஜெராக்ஸில் சீல் குத்தித் திருப்பிக் கொடுத்தார். படியிறங்கும்போது எந்த வெள்ளைக் காரைப் பார்த்தாலும் அது அவருடைய கார்போல இருந்தது.

அதன்பிறகு அக்கா வகுப்புக்கு வரவில்லை. போன் போகவில்லை. வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று கணவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயம். அந்தப் பயத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

நடந்ததைச் செயலர் வந்து சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், அக்கா சொல்லியனுப்பி, முட்டை ஆபீசுக்கு என்னைத் தேடி வந்தார். இந்த முறை முதுகு நிமிர்ந்து நின்றார்.

அந்த ஞாயிறு மாலை கார் கிளம்பியதும் அக்கா கணவரிடம் கவரைத் திருப்பிக் கொடுத்து, “நான் போடலீங்க. வேற எழுதிக் குடுத்தனுப்பிட்டனுங்க” என்றிருக்கிறார். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் வரும்வரை பேசவில்லை. வந்தபிறகும் பேசவில்லை. பிறகு தாசில்தார் வந்து உறுப்பினர்களைக் கூட்டி, தலைவரை நீக்குவது பற்றி அவர்கள் கருத்தைக் கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து நீக்கலாம் என்றார்கள். எல்லாரும் கணவர் நிறுத்தி ஜெயிக்கவைத்தவர்கள். அக்கா தன் பலகைக்குக் கீழே இருந்த அந்தச் சுழல் நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டிருக்கிறார்.

“வேற ஏதாச்சும் சொல்லோணுமான்னு தாசில்தார் கேட்டாருங்க. தலைவரம்மா எங்கிட்டத் திரும்பி, ‘உங்கம்மா கண்ணு இப்பத் தெளிவாத் தெரியுதுங்களா?’ன்னு கேட்டாங்க. அவ்வளவுதானுங்க” என்றார் செயலர். அவரைக் கொல்லிமலை அடிவாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் வேலை இருந்தது. ஆலைக்குக் கொடுத்த சான்று ரத்தானது. இரண்டாவது யூனிட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். கீழ்த்தெருக்காரியின் மகன் பிழைத்துக்கொண்டான். துணைத்தலைவரிடம் பொறுப்புப் போனது. அக்காவின் கணவருக்கு அவர் சித்தப்பா மகன். நாற்காலி வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை.

பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தபோது நான் துணிந்து அக்காவுடையதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கணவர்தான் வாசலில் இருந்தார். “இனி அவங்களுக்கு எதுக்குங்க கண்ணு பரிச்ச?” என்று சிரித்த முகமாகச் சொல்லி ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே குக்கர் விசில் கேட்டது. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

நான் தேறினேன். அடுத்தடுத்த பாடங்களையும் எழுதி, அரசுத் தேர்வும் எழுதி, இப்போது ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். கல்யாணமும் ஆனது. தலைவர்கள் வருவார்கள். பெண் தலைவர்களோடு கணவர்மாரும் வருவார்கள். தாளை நீட்டும்போது படித்துப் பார்க்கச் சொல்வேன். சிலர் படிப்பார்கள். சிலர் கணவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதற்குமேல் ஒன்றும் செய்ததில்லை.

போன தை மாதம் அம்மாவைப் பார்க்க ராசிபுரம் வந்தவள், அங்கிருந்து நாமக்கல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் அக்கா ஏறினார். தலை பாதி நரைத்திருந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிள்ளைகள், வேலை, அம்மாவின் முழங்கால் வலி என்று எல்லாம் கேட்டு முடித்தார். அவர் ஊர் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, அந்த லெட்டர்ல யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு நாலாவதா ஒரு வரி எழுதாம உட்டீங்களே. எழுதியிருக்கலாம்னு எப்பவாச்சும் தோணுச்சுங்களா?”

அக்கா வெளியே ஓடிய சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவியகிட்டவே சொல்லிப்போட்டேன் சாமி. பேசாம நாலு மாசம் இருந்தாங்க. ஒருநாளு சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். அதுல நாலாவதா ஒரு வரி இருந்துச்சுங்க, நாந்தான் எழுதலைன்னு.”

“அதுக்கு என்ன சொன்னாருங்க?”

“என்ன வரின்னு கேக்கவே இல்ல.”

அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னைலிருந்து பேசறாங்க. நாளைக்கு மழ வருமா, கொழம்புக்கு உப்புப் போதுமா, எல்லாம் எங்கிட்டக் கேக்கறாங்க. நாஞ் சத்தமா ஒரு பாத்திரத்த வெச்சாத் திரும்பிப் பாக்கறாங்க. எங்கயாச்சும் போயிட்டு வரக் கொஞ்சம் நேரமாச்சுன்னா, யாரப் பாத்தே, என்ன பேசுனேன்னு தெரிஞ்சுக்கோணும். அவியளுக்குப் பயம்.” பிறகு மெதுவாக, “முன்னால நான் ஒருத்திதான் பயந்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அது சந்தோஷமா வருத்தமா என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஸ் நின்றது. புளியமர நிழலில் மொபெட்டோடு கணவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டி முன்புபோல வெள்ளையாக இல்லை. அக்கா இறங்கியதும் பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டார். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் இன்னொருமுறை கேட்டார். அக்கா அவர் முதுகைத் தாண்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இருவரும் ஒரே வண்டியில் ஒரே வீட்டுக்குப் போனார்கள்.